தானாக நகரும் குண்டு: பின்பால் இயந்திரத்துக்குள் புகுந்த டிராகுலா

பின்பால் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இலவசமாக இருந்த அந்த விண்கல விளையாட்டுதான். அதன் அசல் வடிவம், ஆளுயரப் பெட்டிக்குள் கண்ணாடிக்கு அடியில் உண்மையான எஃகுக் குண்டு உருளும் இயந்திரம், நம் ஊர்ப்பக்கம் அதிகம் வந்ததில்லை. ஆணி அடித்த பலகையில் பால்ரஸ் குண்டுகளைச் சுண்டிவிட்டுக் குழிகளில் விழவைக்கும் பகடெல் பலகையைச் சிறுவயதில் பார்த்தவர்கள் உண்டு. பின்பாலின் மூதாதையும் அதுதான். பிரான்சில் பிறந்து அமெரிக்கா சென்ற அந்தப் பலகைக்கு 1871இல் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் சுருள்வில் பொருத்திய உந்துகோலைச் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். 1930களில் சிகாகோ நிறுவனங்கள் அதற்கு மின்சாரம் கொடுத்தன. 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ஹம்ப்டி டம்ப்டி இயந்திரத்தில் ஃபிளிப்பர் என்னும் துடுப்புகள் வந்துசேர்ந்த பிறகே அது அதிர்ஷ்ட விளையாட்டு என்ற நிலையிலிருந்து கைத்திறன் விளையாட்டாக மாறியது.

இந்தக் கட்டுரை அந்த வரலாற்றைப் பற்றியதன்று; 1993 ஏப்ரலில் வில்லியம்ஸ் நிறுவனம் சிகாகோவிலிருந்து வெளியிட்ட 'பிராம் ஸ்டோக்கர்ஸ் டிராகுலா' என்ற ஓர் இயந்திரத்தைப் பற்றியது. ஒரு பேய்க்கதையைப் பின்பாலாக மாற்றுவது என்றால் என்ன என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்தவரை மிகச் சரியான விடை சொன்ன இயந்திரம் அதுவே. பெட்டியின் மேல் பல் நீண்ட முகத்தை வரைந்துவைப்பது எளிது. ஒலிபெருக்கியில் ஓநாய் ஊளையிடுவதைக் கேட்கச் செய்வதும் எளிது. கதையில் அச்சமூட்டும் நிகழ்ச்சியைக் குண்டின் ஓட்டத்துக்குள்ளேயே கொண்டுவருவதுதான் கடினம், ஏனென்றால் வடிவமைப்பாளரின் கையில் இருப்பதெல்லாம் ஒரு சரிவான பலகை, 80 கிராம் எஃகு, சில மின்காந்தச் சுருள்கள் ஆகியவை மட்டுமே.

முதலில் மூலக்கதையிலிருந்து தொடங்குவோம். டப்ளினில் 1847இல் பிறந்த பிராம் ஸ்டோக்கர், லண்டனின் லைசியம் நாடக அரங்கில் ஹென்றி இர்விங் என்ற புகழ்பெற்ற நடிகரிடம் நிர்வாகியாக வேலை பார்த்தபடியே எழுதிய 'டிராகுலா' நாவல் 1897இல் வெளியானது. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள், கப்பல் தலைவன் ஒருவனின் பதிவேடு, மருத்துவர் ஒருவர் ஃபோனோகிராஃப் உருளையில் பேசிவைத்த குறிப்புகள் என்று கிடைத்த காகிதங்களையெல்லாம் கோத்துக் கதை சொல்லும் நாவல் அது. பழைய திகில் கதை என்று நாம் இன்று ஒதுக்கும் அந்த நூல், எழுதப்பட்ட காலத்தில் தட்டச்சுப் பொறியும் ஃபோனோகிராஃபும் தந்தியும் நிறைந்த, இயந்திர மோகம் கொண்ட கதையாகவே இருந்தது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இரத்தம் குடிப்பவனைத் துரத்துகிறவர்கள் வெறும் சிலுவையையும் பூண்டையும் மட்டும் நம்பியிருக்கவில்லை. இரயில் அட்டவணையையும் நம்பியிருந்தார்கள்.

அந்த நாவலில் டிராகுலா பெரும்பாலான பக்கங்களில் கண்ணில் படுவதே இல்லை. தொடக்கத்தில் திரான்சில்வேனியக் கோட்டையில் விருந்தாளியாக அடைபட்ட ஜொனாதன் ஹார்க்கர் அவனைப் பக்கத்திலிருந்து பார்க்கிறான். பிறகு அவன் ஒரு விளைவாகவே வருகிறான். விட்பி துறைமுகத்தில் புயலோடு வந்து கரைதட்டும் கப்பலில் தலைவன் சுக்கானோடு கட்டுண்டு பிணமாக இருக்கிறான். ஒரு பெரிய நாய் மட்டும் கரைக்குக் குதித்து ஓடுகிறது. இன்னோரிடத்தில் ஜொனாதனின் மனைவி மீனா தன் நாட்குறிப்பில் எழுதுகிறாள்: தோட்டத்துப் புல்வெளியில் மெல்லிய வெண்பனிக் கீற்று ஒன்று வீட்டை நோக்கி ஊர்ந்து வருகிறது, அது கதவின் இடுக்குகள் வழியே அறைக்குள் கசிந்து, தூணாகத் திரண்டு, அறையிலிருந்த விளக்கொளி அதன் நடுவே இரண்டு சிவந்த கண்களாகப் பிரிகிறது. யாரும் நடக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று தன் விருப்பப்படி நகர்ந்து உள்ளே வந்துவிடுகிறது. இந்தக் காட்சியை நினைவில் நிறுத்திக்கொண்டு இயந்திரத்துக்கு வருவோம்.

இயந்திரத்துக்கும் நாவலுக்கும் இடையில் ஒரு திரைப்படம் நிற்கிறது. பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கிய படம் 1992 நவம்பரில் வெளிவந்தது. வில்லியம்ஸ் உரிமம் வாங்கியது அந்தப் படத்துக்குத்தான். படத்தின் பெயரில் ஸ்டோக்கரின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததால் இயந்திரத்தின் நெற்றியிலும் அது ஏறிவிட்டது. எழுத்தாளரின் பெயரைச் சுமந்த அந்தப் படம், டிராகுலாவின் மறைந்த மனைவியே மறுபிறவியில் மீனாவாக வந்திருக்கிறாள் என்ற காதல் கதையை நடுவில் நட்டுவைத்தது. நாவலில் அப்படி ஒரு வரி கூடக் கிடையாது. ஆனால் பனியாகவும் ஓநாயாகவும் எலிக் கூட்டமாகவும் உருமாறும் டிராகுலாவைப் படம் விடாமல் பிடித்துக்கொண்டது; கணினி வித்தைகளை ஒதுக்கிவிட்டு, பழங்காலத்து ஒளிப்பதிவுத் தந்திரங்களாலேயே அவற்றைக் காட்டியது. கண்முன் நிஜமாக நடக்கும் ஏமாற்று வேலையில் அந்தப் படத்துக்கு இருந்த பிடிவாதம் இயந்திரத்துக்கும் இருந்தது என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது அப்படித் தோன்றாமல் இருப்பதில்லை.

வடிவமைத்தவர் பேரி அவர்ஸ்லர். திகிலுக்கு அவர் புதியவர் அல்லர்: 1979இல் அவர் வடிவமைத்த 'கோர்கார்' என்ற இயந்திரம்தான் பின்பால் வரலாற்றில் முதன்முதலாகப் பேசியது. சிவந்த உடலும் கொம்பும் கொண்ட அந்த அரக்கனுக்குத் தெரிந்தவை ஏழே ஏழு சொற்கள். அவற்றை மாற்றி மாற்றி அடுக்கி ஆடுபவரை வம்புக்கு இழுத்தது. பின்னணியில் ஓயாமல் அடிக்கும் இதயத் துடிப்பு, ஆட்டம் நீள நீள வேகமெடுக்கும். நினைவகச் சில்லுகள் விலை உயர்ந்திருந்த காலத்தில் ஏழு சொற்களையும் ஓர் இதயத்தையும் வைத்துக்கொண்டு அச்சத்தைக் கட்டிய மனிதர், பதினான்கு ஆண்டுகள் கழித்து டிராகுலாவுக்கு வந்தார். நிரலை எழுதியவர் பில் ஃபுட்சன்ராய்ட்டர், ஓவியம் மார்க் ஸ்பிரெங்கர், இசை பால் ஹைட்ஷ்.

இப்போது அந்த இயந்திரத்தின் உயிர்நிலைக்கு வருவோம். பின்பால் ஆடுதளம் ஏறத்தாழ ஆறரை பாகைச் சரிவில் நிற்கும். அந்தச் சரிவில் புவியீர்ப்பின் ஒன்பதில் ஒரு பங்குதான் குண்டை ஆடுபவரை நோக்கி இழுக்கிறது. ஆனால் அது ஒரு கணமும் ஓய்வதில்லை. ஃபிளிப்பரால் அடித்தால் மேலே போகும், பம்பர் என்னும் முட்டுத்தூணில் பட்டால் தெறிக்கும், எதுவும் படாதபோது கீழே வரும். ஓரிரு மணி நேரம் ஆடியவர்களின் கண் இந்த விதிக்குப் பழகிவிடும். குண்டு எங்கே இருக்கிறது என்பதைவிட அடுத்து எங்கே இருக்கும் என்பதையே அது பார்க்கத் தொடங்கும். ஆடுபவரின் திறமை முழுவதும் இந்த எதிர்பார்ப்பின் மேல்தான் நிற்கிறது.

டிராகுலா இயந்திரம் இந்த எதிர்பார்ப்பைத்தான் உடைக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளை ஒரே நேரத்தில் ஆடும் கட்டத்துக்கு மல்டிபால் என்று பெயர். இதன் 'மிஸ்ட் மல்டிபால்', அதாவது மூடுபனி மல்டிபால், என்ற பகுதிக்குரிய நிபந்தனை நிறைவேறியதும், ஆடுதளத்தின் ஓரத்திலிருந்து ஒரு குண்டு வெளியே வருகிறது. அதை யாரும் அடிக்கவில்லை. அது கீழேயும் உருளவில்லை. சரிவுக்குக் குறுக்காக, எந்தத் தடமும் தாங்கலும் இல்லாத வெறும் பலகையின் மேல், அவசரமே இல்லாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நோக்கி நகர்கிறது. அந்த நேரத்தில் ஆடுபவரிடம் இன்னொரு குண்டு இருக்கும். அதைக் கொண்டு ஊர்ந்துபோகும் குண்டை அடித்துப் பிடியிலிருந்து விடுவித்தால் இரண்டும் சேர்ந்து ஓட, மல்டிபால் தொடங்கும். அடிக்கத் தவறினால் அது மறுகரை சேர்ந்து மறைந்துவிடும். முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அடிக்கவே மறந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கையிலிருந்த குண்டும் அதற்குள் ஃபிளிப்பர்களின் நடுவே வடிந்துபோயிருக்கும்.

கமுக்கம் பலகைக்கு அடியில் இருக்கிறது. ஆடுதளம் சுமார் அரை அங்குலத் தடிமனுள்ள ஒட்டுப்பலகை. அதன் அடிப்புறத்தில் குறுக்காக ஒரு பாதை. அந்தப் பாதையில் ஒரு சிறு வண்டி. வண்டியின் மேல் ஒரு மின்காந்தம். வண்டியை இழுக்க ஒரு மோட்டார். மின்காந்தம் குண்டைப் பிடித்துக்கொண்டதும் மோட்டார் வண்டியை நகர்த்துகிறது, மேலே குண்டு அதன் பின்னாலேயே போகிறது. காகிதத்தின் மேல் ஊசியை வைத்துக் கீழே காந்தத்தை நகர்த்திக் காட்டும் பள்ளிக்கூடத்துச் சோதனையேதான். ஆனால் சோதனைக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஒரு நீண்ட பொறியியல் தொலைவு உண்டு. காந்த விசை இடைவெளி கூடக் கூட மிக வேகமாகக் குறையும்; ஆகவே மரத்தின் தடிமன் சிறிது கூடினாலும் பிடி தளரும். விசையைக் கூட்டினால் சுருள் சூடேறும். மேலும், மற்றொரு குண்டு வந்து மோதும்போது விடுபடாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். வண்டி வேகமாகப் போனால் குண்டு பின்தங்கி உருண்டுவிடும்; மிக மெதுவாகப் போனால் ஆட்டம் தொய்ந்துவிடும். புவியீர்ப்பை வெல்லும் அளவுக்கு வலிமையும் ஒரு மோதலுக்குத் தோற்கும் அளவுக்கு மென்மையும் ஒரே காந்தத்துக்கு இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் தீர்க்க வேண்டியிருந்த கணக்கு.

காந்தம் அந்த நாளில் புதிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய ஆண்டு வில்லியம்ஸின் மற்றொரு முத்திரையான பாலியில் வந்து இருபதாயிரத்துக்கு மேல் விற்ற 'ஆடம்ஸ் ஃபேமிலி' இயந்திரத்தில் தளத்துக்கு அடியில் மறைந்திருந்த காந்தங்கள் குண்டைக் கண்டபடி சுண்டி அலைக்கழித்தன. ஒரு பெட்டியிலிருந்து வெளிவரும் கை, காந்தத்தால் குண்டை எடுத்துச் சென்றது. டிராகுலா வந்த அதே மாதத்தில் வெளியான 'ட்வைலைட் ஸோன்' இன்னும் ஒரு படி போய், காந்தத்துக்கே அடங்காத வெள்ளைப் பீங்கான் குண்டு ஒன்றை எஃகுக் குண்டுகளுக்கு நடுவே கலந்துவிட்டது. அவையெல்லாம் நல்ல வித்தைகள்தான். ஆனால் ஆடம்ஸின் காந்தங்கள் தருவது குழப்பத்தை. குழப்பத்தில் அச்சம் இல்லை. மூடுபனிக் குண்டு குழம்பவில்லை. எங்கே போக வேண்டும் என்று தெரிந்ததுபோல் நேராகப் போகிறது. மீனாவின் அறைக்குள் நுழைந்த பனியிடமும் இருந்தது அந்த நிதானம்தான்.

இதே காலத்தில் வேறு திகில் கதைகளும் பின்பாலாகியிருக்கின்றன. ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1992இல் பாலி முத்திரையில் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்' தளத்துக்கு அடியில் ஹோலோகிராம் ஒன்றைப் பதித்து, நீருக்குள்ளிருந்து பிராணி எழுவதுபோல் காட்டியது. அழகான காட்சி அது. ஆயினும் குண்டுக்கும் அந்தப் பிராணிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கொப்போலா படத்தின் வழியிலேயே எழுத்தாளர் பெயரைத் தலைப்பில் தாங்கி வந்த 'மேரி ஷெல்லிஸ் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைச் சேகா நிறுவனம் 1995இல் இயந்திரமாக்கியபோது, கையை உயர்த்திக் குண்டுகளை வீசும் பெரிய பொம்மை ஒன்றை மேற்புறத்தில் நிறுத்தியது. அரக்கன் பொருளை எறிகிறான் என்பது தெளிவாகப் புரிகிறது, புரிந்த கையோடு முடிந்தும்விடுகிறது. 1998இல் வில்லியம்ஸ் வெளியிட்ட 'மான்ஸ்டர் பாஷ்' டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன் எல்லோரையும் ஓர் இசைக்குழுவாகவே ஆக்கிவிட்டது. ஆடிக் களிக்க அதைப்போல் ஓர் இயந்திரம் கிடைப்பது அரிது. அச்சத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

டிராகுலாவின் இரண்டாவது பலம் அதன் விதிகளில் இருக்கிறது. மூடுபனி, சவப்பெட்டி, கோட்டை என்று அதற்கு மூன்று மல்டிபால்கள். ஒன்று ஓடும்போது மற்றொன்றுக்கான வழியை இயந்திரம் மூடிவிடுவதில்லை. ஆடுபவர் துணிந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றையும் அடுக்கலாம். அடுக்க அடுக்க ஜாக்பாட் என்னும் பெரும்பரிசுப் புள்ளிகளின் மதிப்பு ஏறும்; மூன்றும் ஒருசேர ஓடும் நிலையில் கிடைக்கும் புள்ளிகளுக்கு முன்னால் தனித்தனியாக ஆடிச் சேர்ப்பவை அற்பம். எனவே நன்றாக ஆடத் தெரிந்தவர் ஒரு மல்டிபால் தயாரானதும் உடனே தொடங்கமாட்டார். கோட்டையைத் தயார்செய்து வைத்துவிட்டு, சவப்பெட்டிக்குப் போவார். அதையும் தயார்செய்துவிட்டு, பனி வரக் காத்திருப்பார். காத்திருக்கும் நேரமெல்லாம் கையில் இருப்பது ஒற்றைக் குண்டு. அது போனால் அந்த ஆயத்தத்தின் பயனெல்லாம் தள்ளிப்போகும்.

போவதற்கு வழியும் தாராளம். ஆடுதளத்தின் இருபுறமும் ஃபிளிப்பருக்கு எட்டாத ஓரத்தில் அவுட்லேன் என்ற சந்து இருக்கும். அதற்குள் போன குண்டு திரும்பாது. டிராகுலா இயந்திரம் இந்த விஷயத்தில் இரக்கமில்லாதது என்பது அதை ஆடியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பேச்சு. பெட்டியை இடுப்பால் இடித்துக் குண்டைத் திருப்பலாம் என்றால், அளவு மீறியதும் 'டில்ட்' என்று எல்லா விசைகளையும் அணைத்துவிடும். ஆகவே ஆட்டத்தின் பெரும்பகுதி நடுக்கத்தோடு சேமிப்பதிலும், சேமித்ததை இழந்துவிடுவோமோ என்று பதைப்பதிலும் கழிகிறது. திரையில் ஓநாய் பாயும்போது வராத பயம், இரண்டு மல்டிபால்களைத் தயாராக வைத்துக்கொண்டு குண்டு வலப்பக்கச் சந்தை நோக்கி மெல்ல உருளும்போது வருகிறது. திகில் கதைக்கும் பின்பாலுக்கும் உள்ள பொருத்தத்தின் அடிவேரும் இதுவே என்று நினைக்கிறேன்: பின்பாலில் யாரும் வெல்வதில்லை, முடிவை எவ்வளவு நேரம் தள்ளிப்போடுகிறோம் என்பதே கணக்கு.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். அக்காலத்து வில்லியம்ஸ் இயந்திரங்களின் தலைப்பகுதியில் 128க்கு 32 புள்ளிகள் கொண்ட ஆரஞ்சு நிறப் புள்ளித் திரை இருக்கும். இதில் அது சிறு அசைபடங்களையும், ஓநாய்களைச் சுடும் ஒரு குட்டி வீடியோ விளையாட்டையும் காட்டும். அந்த வீடியோ பகுதி எனக்கு ஒட்டவில்லை. குண்டை நிறுத்திவைத்துவிட்டுத் திரையைப் பார்க்கச் சொல்வது இந்த இயந்திரத்தின் குணத்துக்கே மாறானது. ஒலி வேறு கதை. தெளிவான டிஜிட்டல் ஒலி அமைப்பை நிறுவனம் அதே ஆண்டு பிற்பகுதியில்தான் கொண்டுவந்தது. டிராகுலா அதற்குச் சற்று முந்தையது என்பதால் இசை, ஒலியைச் செயற்கையாக உண்டாக்கும் யமாஹாவின் எஃப்எம் சில்லிலிருந்து வருகிறது. பேச்சு சுருக்கப்பட்டு, கரகரவென்று, பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் ஒலிக்கிறது. குறையாக இருக்க வேண்டிய அந்தக் கரகரப்பு, ஃபோனோகிராஃப் உருளையில் குறிப்பெடுத்த மருத்துவரின் கதைக்கு எதிர்பாராமல் பொருந்திப்போகிறது.

விற்பனையில் அது பெரிதாக வெல்லவில்லை. மொத்தம் 6,801 இயந்திரங்கள் செய்யப்பட்டன; அதே மாதத்தில் வந்த 'ட்வைலைட் ஸோன்' அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விற்றது. எளிதில் குண்டை இழக்கவைத்த இயந்திரம் அன்றைய வழிப்போக்கருக்கு எரிச்சலூட்டியிருக்கும் என்று ஊகிக்கலாம். இப்போது போட்டி ஆட்டக்காரர்களும் சேகரிப்பாளர்களும் அதைத் தேடிப்போவதற்கும் அதே கடுமைதான் காரணம். 1999இல் வில்லியம்ஸ் பின்பால் தொழிலையே மூடிவிட்டதால், பழுதுபார்க்கும் வேலை அந்த ஆர்வலர்களின் கைக்கே வந்துசேர்ந்தது.

பழுது என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் மூடுபனிதான். வண்டி ஓடும் பாதையில் முப்பது ஆண்டுத் தூசியும் கரியும் படிந்து திக்கித் திக்கி நகரும். குண்டு இருக்கிறதா, விடுபட்டதா என்று இயந்திரத்துக்குச் சொல்லும் உணரிகள் மங்கிப்போனால், இல்லாத குண்டை இழுத்துக்கொண்டு வெறும் காந்தம் மறுகரை போய்வரும். நீண்ட காலம் மாற்றாமல் விட்ட குண்டுகள் தாமே காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அப்போது மோதிய குண்டும் மோதப்பட்ட குண்டும் பிரியாமல் சேர்ந்தே ஊர்வதைக் காணலாம். புதுக் குண்டுகளைப் போட்டுப் பாதையைத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த இயந்திரத்தின் நிரலை அப்படியே ஓடவைத்து, ஆடுதளத்தை முப்பரிமாணத்தில் வரைந்து, கணினியில் ஆடும் வழியும் இன்று இருக்கிறது. ஜாக்பாட் கணக்கு, கரகரத்த குரல், புள்ளித் திரை எல்லாம் பிசகாமல் வருகின்றன. மூடுபனிக் குண்டும் வருகிறது. சொன்னபடி குறுக்காக ஊர்கிறது. ஆனால் திரையில் எந்தக் குண்டும் எப்படியும் நகரலாம் என்பது நமக்குத் தெரியும் என்பதால், அதை நின்று பார்க்கத் தோன்றுவதில்லை, உடனே அடித்துவிடுகிறோம்.